அரண்மனைச் சுவரில் 22 படகுகள்





ஐரோப்பாவில் படிக்கவும் பணியாற்றவும் சென்றிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் நம்மிடம் அடிக்கடி ஒரு வினாவை எழுப்புகின்றனர். கலைக் கண்காட்சிகளுக்குப் பிள்ளைகள் செல்லலாமா, அங்கே சிலைகளும் உருவப்படங்களும் இருக்குமே என்பதே அவ்வினா. இதற்குரிய மார்க்க விடை நீளமானது அன்று. உயிருள்ளவற்றின் உருவத்தைச் சிலையாக வடிப்பதை அறிஞர்களில் மிகப் பெரும்பாலோர் தடுத்துள்ளனர். புகைப்படத்தைப் பற்றி இக்கால அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆபாசத்தின் முன்னே பார்வையைத் தாழ்த்திக்கொள்வது எங்கிருந்தாலும் கடமை. இவ்வளவுதான். மதரஸாவில் இரண்டாம் ஆண்டு ஓதும் மாணவரே இதைச் சொல்லிவிடுவார்.

ஆயினும் இந்த வினாவோடு பேச்சை முடித்துக்கொள்கிறோமே, அதுதான் நம்மை உறுத்துகிறது. கண் எதைப் பார்க்கலாம் என்று கேட்கிறோம். பார்த்த பின் அந்தக் கண்ணுக்கு என்ன பொறுப்பு என்று கேட்பதே இல்லை. 2016ஆம் ஆண்டின் இறுதியில், உறவினர் ஒருவரின் அழைப்பின் பேரில் இத்தாலி சென்றிருந்தபோது ஃபிளாரன்ஸ் நகரில் நாம் கண்ட ஒரு கண்காட்சியை முன்வைத்தே இதை எழுதுகிறோம்.

அந்நகரின் நடுவே பலாஸ்ஸோ ஸ்ட்ரோஸ்ஸி என்னும் மாளிகை நிற்கிறது. பலாஸ்ஸோ என்றதும் அரசர் வாழ்ந்த இடம் என்று எண்ணிவிடலாகாது. ஃபிளாரன்ஸின் பலாஸ்ஸோக்களில் பெரும்பாலானவை வணிகரும் வங்கியாளரும் தமக்கெனக் கட்டிக்கொண்டவை. இதைக் கட்டத் தொடங்கிய ஃபிலிப்போ ஸ்ட்ரோஸ்ஸியும் வங்கியாளரே. மெடிச்சிக் குடும்பத்தின் பகையால் நாடு கடத்தப்பட்டு, நேப்பிள்ஸில் வங்கித் தொழிலால் பெரும்பொருள் திரட்டி, 1466இல் ஊர் திரும்பியவர். மெடிச்சிகளின் மாளிகையை விஞ்ச வேண்டும் என்பதே அவருடைய வேட்கை. அதற்காக அவ்விடத்திலிருந்த பதினைந்து கட்டடங்கள் வரை விலைக்கு வாங்கி இடித்தார். அடிக்கல் நாட்ட நல்ல நேரம் குறித்துத் தருமாறு சோதிடரைக் கேட்டார். அவர்கள் குறித்துக் கொடுத்த வேளையில், 1489 ஆகஸ்ட் 6 அன்று, கல் நடப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1491இல், ஃபிலிப்போ இறந்துபோனார். மாளிகையின் முதல் தளங்கூட முழுமையாக எழும்பியதை அவர் காணவில்லை. அதே பெயர் தாங்கிய அவருடைய மகன் 1538இல் மெடிச்சிகளின் சிறையில் மாண்டார். மாளிகையும் சில காலம் பறிமுதலாயிற்று. உச்சியில் ஓடும் மகத்தான கல் விளிம்பு இன்றளவும் முழுமை பெறவில்லை. சோதிடர் குறித்த நேரத்தின் பலன் இவ்வளவே.

அக்கால இத்தாலியில் கிறிஸ்தவத் திருச்சபையும் வட்டியைப் பாவமென்றே விலக்கியிருந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். நம்மில் பலர் ரிபாவைத் தடுப்பது இஸ்லாம் மட்டுமே என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். தாந்தே தமது நரக காவியத்தின் 17ஆம் பகுதியில் வட்டிக்காரர்களைச் சுடுமணலில் உட்கார வைக்கிறார். அவர்கள் கழுத்தில் தொங்கும் பணப்பைகளில் ஃபிளாரன்ஸின் பெருங்குடும்பங்களுடைய சின்னங்களைப் பொறித்து வைக்கிறார். ஃபிளாரன்ஸ் வங்கியாளர்களோ வட்டியை வட்டியென்று எழுதவில்லை. ஓர் ஊரில் பணம் கொடுத்து வேறோர் ஊரில் வேறு நாணயத்தில் பெறும் உண்டியல் சீட்டுக்குள் ஆதாயத்தை ஒளித்து வைத்தனர். பெயர் மாறியது, பொருள் மாறவில்லை. மெடிச்சிக் குடும்பத்து கோசிமோவுக்கு மனம் உறுத்தியபோது, போப்பாண்டவரின் அறிவுரைப்படி சான் மார்க்கோ துறவு மடத்தைப் புதுப்பித்துக் கொடுத்தார் என்று அவரை அறிந்த சமகாலத்தவர் எழுதி வைத்திருக்கிறார். பாதுவா நகரில் ஜோத்தோ தீட்டிய புகழ்பெற்ற சிற்றாலயமும் வட்டிக்குப் பேர்போன ஒருவரின் மகன் கட்டியதே. உலகம் வியக்கும் அந்தச் சுவர்களில் ஒரு பகுதி இப்படிக் குற்றவுணர்ச்சியின் மீது பூசிய சாந்து.

இதைப் படித்து இளநகை புரிபவர்கள் சற்றே நிற்கட்டும். வங்கிக் கணக்கில் சேர்ந்த வட்டியைப் பள்ளிவாசலின் கழிப்பறை கட்டக் கொடுத்துவிட்டால் போதுமா என்று நம்மிடம் கேட்காத மஹல்லா உண்டா? அப்பணத்தை நன்மையை எதிர்பாராமல் ஏழைகளிடம் சேர்த்துவிட்டு அதிலிருந்து விலகிக்கொள்ளுங்கள் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். கேட்பவர்களில் பலருக்கு அந்த விலகல் வேண்டியதில்லை. தம் பெயர் பொறித்த பளிங்குக் கல் வேண்டும். கோசிமோவுக்கும் நமக்கும் இடையே ஐந்நூறு ஆண்டுகளும் ஒரு கடலும் இருக்கின்றன. உள்ளத்தில் அத்தனை தூரம் இருப்பதாகத் தெரியவில்லை.

இனிக் கண்காட்சிக்கு வருவோம்.

2016 செப்டம்பர் முதல் 2017 ஜனவரி வரை அந்த மாளிகை முழுவதும் சீனக் கலைஞர் அய் வெய்வெய்க்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ‘லீபெரோ’, அதாவது விடுதலை பெற்றவர், என்பது தலைப்பு. உள்ளே செல்லுமுன்பே கண்ணில் பட்டவை படகுகள். செம்மஞ்சள் நிற ரப்பர் படகுகள் 22, மாளிகையின் இரு முகப்புகளிலும் சன்னலுக்கு ஒன்றாக நிறுத்தி மாட்டப்பட்டிருந்தன. கரடுமுரடாகப் புடைத்து நிற்கும் பழுப்புக் கல் சுவரின் மீது, காற்றடைத்த பளபளக்கும் ரப்பர். துருக்கிக் கரையிலிருந்து கிரேக்கத் தீவுகளுக்கு சிரியா, ஆப்கானிஸ்தான், இராக் மக்கள் ஏறிச் சென்றவை இத்தகைய படகுகளே. நாம் நின்றுகொண்டிருந்த அந்த 2016இல் மட்டும் மத்தியதரைக் கடலில் 5,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர் என்பது ஐக்கிய நாடுகள் அவையின் அகதிகள் முகமை தந்த கணக்கு.

அந்தப் படகுகளை எதிர்த்து ஃபிளாரன்ஸில் பெருங்கூச்சல் எழுந்தது. மறுமலர்ச்சிக் காலத்துச் செல்வமான கட்டடத்தின் அழகு கெட்டுவிட்டதாம். இந்த வாதத்தை நாம் சிறிதும் ஏற்கவில்லை. பதினைந்து கட்டடங்களை இடித்துப் பகைவனின் கண்ணைக் கூசவைக்க எழுப்பிய சுவர் அது. நான்கு மாத காலம் அதன் சன்னல்களில் ரப்பர் தொங்கினால் அதன் மானம் எங்கே போய்விடும்? பிணங்கள் மிதக்கும் கடலைப் பார்த்து ‘அழகு கெட்டது’ என்று சொல்லாத வாய், சுவரைப் பார்த்து மட்டும் சொல்லுமானால், அந்த வாய்க்கு அழகு என்ற சொல்லை யார் கற்பித்தது?

உள்ளே இருந்தவற்றில் எல்லாவற்றையும் நாம் மெச்சவில்லை. உலகின் புகழ்பெற்ற கட்டடங்களை நோக்கி நடுவிரலை நீட்டி எடுத்த புகைப்பட வரிசை ஒன்று இருந்தது. அதில் அடாவடித்தனத்தைத் தவிர வேறெதுவும் நமக்குத் தென்படவில்லை. குழந்தைகள் அடுக்கி விளையாடும் லெகோ கட்டைகளால் தாந்தே, கலிலியோ, சவோனரோலா, ஸ்ட்ரோஸ்ஸி ஆகியோரின் முகங்களைச் செய்து வைத்திருந்தார். அதிகாரத்தோடு மோதியவர்கள் என்பது கருத்து. கெட்டிக்காரத்தனமாக இருந்தது, அவ்வளவே. ஆனால் பள்ளிப் பைகளால் ஆன பாம்பின் முன்னே நாம் நெடுநேரம் நின்றோம். 2008 மே 12 அன்று சீனத்தின் சிச்சுவான் மாநிலத்தில் நிலம் அதிர்ந்தபோது, தரமின்றிக் கட்டிய பள்ளிக்கூடங்கள் பிள்ளைகள் மீது இடிந்து விழுந்தன. அப்பிள்ளைகள் யார் யார் என்று அரசு வாய் திறக்கவில்லை. இவர் தன்னார்வலர்களைத் திரட்டி, ஊர் ஊராக, வீடு வீடாகச் சென்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பெயர்களைச் சேகரித்து வெளியிட்டார். அதன் விளைவாக அடியும் பட்டார். 2011இல் 81 நாள் அடைத்து வைக்கப்பட்டார். 2015இல்தான் கடவுச்சீட்டு திரும்பக் கிடைத்தது. ஒரு பெயரையும் விடாமல் தேடி எழுதியதை நாம் ஒரு பெரும் அமானிதமாகவே பார்க்கிறோம். அவர் முஸ்லிம் அல்லர் என்பதால் அதன் மதிப்பு நம்மிடம் குறைந்துவிடாது.

ஆகவே பின்வருவதைப் பகைமையால் சொல்லவில்லை. அய்லான் குர்தியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2015 செப்டம்பர் 2 அன்று துருக்கியின் போட்ரம் அருகே கரையொதுங்கிய சிரியக் குழந்தை. அவனுடைய தாயும் அண்ணனும் அதே பயணத்தில் மூழ்கினர். தந்தை மட்டுமே மிஞ்சினார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அய் வெய்வெய் லெஸ்போஸ் தீவின் கூழாங்கல் கரையில் அக்குழந்தையைப் போலவே குப்புறப் படுத்துப் படம் எடுத்துக்கொண்டார். இந்திய இதழ் ஒன்றுக்காக எடுத்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் தில்லிக் கலைச் சந்தையில் காட்சிக்கும் வைக்கப்பட்டது. ஃபிளாரன்ஸ் மாளிகையில் அதை நாம் காணவில்லை. எனினும் அந்தப் படகுகளின் முன்னே நின்றபோது அதை நினையாமல் இருக்க இயலவில்லை.

மய்யித்தைக் குளிப்பாட்டும்போது மானத்தை மறைத்துத் துணியிட்டு, கண்ட குறையை வெளியே சொல்லாமல், எலும்பு நோகுமோ என்று அஞ்சுவது போலக் கைவைக்கக் கற்பிக்கப்பட்டவர்கள் நாம். இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பானது என்னும் கருத்தில் நபிமொழி உண்டு. அத்தகைய மார்க்கத்தில் வளர்ந்தவர்களுக்கு ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் ஒரு குழந்தையின் ஜனாஸாவை நடித்துக் காட்டுவது வலிக்கத்தான் செய்யும். படுத்தவர் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு நடந்தார். குழந்தை எழவில்லை. சிச்சுவானில் பெயர்களைத் தேடிய கலைஞர், லெஸ்போஸில் தம் உடலை அக்குழந்தையின் இடத்தில் வைத்தார். அங்கே இறந்தவர்கள் முன்னே இருந்தனர், கலைஞர் பின்னே இருந்தார். இங்கே அது தலைகீழாயிற்று.

அகதிகளுக்காக அவர் உழைத்தார் அல்லவா, ‘ஹியூமன் ஃப்ளோ’ என்ற முழுநீள ஆவணப்படத்தை 2017இல் எடுத்தார் அல்லவா, அவரே தந்தையோடு சிஞ்சியாங்கில் நாடுகடத்தப்பட்ட குழந்தையாக வளர்ந்தவர் அல்லவா என்று கேட்கக்கூடும். அனைத்தும் உண்மை. அவர் எண்ணத்தை அல்லாஹ்வே அறிவான். அதை நாம் அளக்கப் புகவில்லை. நாம் பேசுவது செயலைப் பற்றி.

இதைவிடவும் கடுமையான ஒன்று 2019இல் வெனிஸ் நகரில் நடந்தது. 2015 ஏப்ரல் 18 நள்ளிரவில், லிபியாவிலிருந்து புறப்பட்ட மீன்பிடிக் கப்பல் ஒன்று, மீட்க வந்த வணிகக் கப்பலோடு மோதிக் கவிழ்ந்தது. பிழைத்தவர்கள் 28 பேர். மாண்டோர் எண்ணிக்கை 700க்கும் 1,100க்கும் இடையே பலவாறாகச் சொல்லப்படுகிறது. ஆயிரம் பேர் ஏறிய கப்பலா எழுநூறு பேர் ஏறிய கப்பலா என்று கூடத் துல்லியமாகச் சொல்ல இயலாத மரணம்! இத்தாலியக் கடற்படை 2016இல் அக்கப்பலைக் கடலடியிலிருந்து தூக்கி சிசிலிக்குக் கொண்டுவந்தது. மூன்றாண்டுகள் கழித்து, கிறிஸ்டோஃப் பியூஹெல் என்னும் கலைஞர் அதே கப்பலை, துளைகளோடும் துருவோடும், வெனிஸ் கலைவிழாவில் கொண்டுவந்து நிறுத்தினார். ‘நம் கப்பல்’ என்று பெயர். அருகில் விளக்கப் பலகை இல்லை. சற்றுத் தள்ளி ஒரு சிற்றுண்டிச்சாலை. காப்பி அருந்தியவர்களில் எத்தனை பேருக்கு அது நூற்றுக்கணக்கானோரின் கப்ராக இருந்தது என்று தெரியும்? தெரியாமற்போவதுதான் கலையின் கூற்று என்று வாதாடியவர்கள் இருந்தனர். இத்தகைய வாதத்துக்கு விடை கூற நமக்குப் பொறுமை இல்லை.

அதே பியூஹெல் 2015இல் அதே விழாவில் வேறொன்றைச் செய்திருந்தார். வெனிஸில் பல்லாண்டுகளாகப் பூட்டிக்கிடந்த ஒரு பழைய தேவாலயத்தினுள் தொழுகை விரிப்பு விரித்து, மிஹ்ராப் அமைத்து, ‘மசூதி’ என்று பெயரிட்டார். உள்ளூர் முஸ்லிம்கள் வந்து தொழுதனர். அத்தீவு நகரில் வேலை செய்யும் முஸ்லிம்களுக்கு அங்கே பள்ளிவாசல் இல்லை. தொழ வேண்டுமானால் நீர்வழியைக் கடந்து மறுகரைக்குச் செல்ல வேண்டும். இரண்டு வாரங்களில் நகர நிர்வாகம் அதை மூடிற்று. கலைப்பொருளுக்குத்தான் அனுமதி கொடுத்தோம், வழிபாட்டிடத்துக்கு அன்று என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மிஹ்ராபைப் பார்க்கலாம், அதை நோக்கி ஸஜ்தா செய்யக் கூடாது! இதே வெனிஸில், 1621 முதல் 1838 வரை, பெருங்கால்வாயின் கரையிலிருந்த மாளிகையொன்றை உதுமானிய வணிகர் தங்குவதற்கென ஒதுக்கியிருந்தனர். அதனுள்ளே தொழுகைக்கும் குளியலுக்கும் இடமிருந்தது. போர் புரிந்த பகைவருக்குப் பழைய குடியரசு கொடுத்ததை, கூலிக்கு உழைக்கும் குடியிருப்போருக்கு இன்றைய நகரம் கொடுக்கவில்லை. அந்த மாளிகை இப்போது இயற்கை வரலாற்று அருங்காட்சியகம்.

நம்மவர்களிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. ஃபிளாரன்ஸ் படகுகளின் முன்னே நம் நாட்டுப் பிள்ளைகள் சிலரையும் கண்டோம். கைப்பேசியை உயர்த்தி, கல்லும் ரப்பரும் பின்னணியில் விழுமாறு நின்று, சிரித்துப் படம் எடுத்துக்கொண்டு சென்றனர். அப்பிள்ளைகளின் வீட்டில் சிலை ஹராம் என்று கற்பித்திருப்பார்கள். படகு சிலையன்று, ஆகவே தடையில்லை. பத்வாவின்படி குற்றமே இல்லை. வினாவைச் சிலையோடு முடித்துக்கொண்டால் இப்படித்தான் முடியும். அக்கடலில் மூழ்கியோரில் பெருந்தொகையினர் ஷஹாதத் கலிமா மொழிந்தவர்கள். மூழ்கி இறந்தவரும் ஷஹீத்களின் கூட்டத்தில் சேர்வார் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் செய்தி. ஷஹீதின் கப்ருக்கு முன்னே நின்று தற்படம் எடுப்பதற்கு ஒப்பான ஒன்றைத்தான் அங்கே நாம் கண்டோம்.

சிசிலியிலும் லம்பெதூசாவிலும் உள்ள அடக்கத் தலங்களில் பெயரின்றி எண் மட்டும் தாங்கிய கப்ருகள் பல உள்ளன. அந்த எண்களைப் பெயர்களாக மாற்றும் வேலையில் இறங்கியவர் கிறிஸ்டினா கட்டானியோ என்னும் மருத்துவர். மிலான் பல்கலைக்கழகத்தின் தடயவியல் பேராசிரியர். வெனிஸில் காப்பிக்கடை அருகே நின்ற அதே கப்பலிலிருந்து தீயணைப்பு வீரர்கள் வெளியே எடுத்த உடல்களை அவரும் அவருடைய குழுவினரும் ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். பற்கள், எலும்பு, சட்டைப்பையில் இருந்த பொருள் எதையும் விடவில்லை. பதினான்கு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவனின் சட்டையைத் தடவியபோது உள்ளே ஏதோ தடித்து இருந்தது. தையலைப் பிரித்தனர். மடித்து வைத்த தாள். பள்ளிக்கூடத்து மதிப்பெண் அட்டை. மாலியிலிருந்து வந்தவன். நன்றாகப் படிப்பவன் என்று காட்டினால் ஐரோப்பாவில் எவரேனும் சேர்த்துக்கொள்வார்கள் என்று எண்ணித் தைத்து வைத்திருக்க வேண்டும் என்பதே அதைக் கண்டோர் பலரின் ஊகம்.

நம் ஷாஃபிஈ ஊர்களில் காயிப் ஜனாஸா தொழுகை உண்டு. ஹனஃபி ஊர்களில் இல்லை. அதைப் பற்றிய வாக்குவாதத்தை இங்கே தொடங்க வேண்டா. துஆவுக்கு எந்த மத்ஹபிலும் தடையில்லை. ஃபிளாரன்ஸிலோ மிலானிலோ பிள்ளை படித்துக்கொண்டிருக்கும் பெற்றோர், அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது மாளிகைகளைப் பற்றிக் கேளுங்கள்; கேட்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. அதோடு, அந்நகரத்து முஸ்லிம்கள் யாருடைய ஜனாஸாவை யார் செலவில் அடக்கம் செய்கிறார்கள், கஃபன் துணிக்கும் கப்ரு நிலத்துக்கும் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள். கிடைக்கும் விடையை உங்கள் ஜமாஅத் கூட்டத்தில் வாசியுங்கள்.